டீச்சரைக் கேளுங்கள்: நந்தி மலையில் பெய்த மழை

போன மாதம் இந்தப் பக்கத்தில் "பெங்களூருக்குக் கிழக்கே திருப்பதி மட்டும் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் அல்சூரில் பூகோளம் சொல்லிக் கொடுத்த கை. பழக்க தோஷத்தில் இரண்டு கடிதங்களில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன், மன்னிக்கவும். இந்த மாதம் முழுக்க நந்தி, கோலார், தங்க வயல் (கே.ஜி.எஃப்.) பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*நந்தி மலைக்கு நாலு தடவை போய்விட்டேன். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, மலை அடிவாரத்து டிராஃபிக்கில் நின்று, மேகத்தைப் பார்த்து, மேகி சாப்பிட்டுத் திரும்பி வருகிறோம். அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா டீச்சர்?*
— ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்டு

மேகத்தைப் பார்த்தீர்கள் தம்பி. அது மழையாக இறங்கினால் எங்கே போகும் என்று பார்த்தீர்களா?

நந்தி 1,478 மீட்டர் உயரம். அதை ஒட்டிச் சென்னகேசவ பெட்டா, ஸ்கந்தகிரி என்று இன்னும் சில குன்றுகள். இந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து நாலு ஆறுகள் இறங்குகின்றன. வடபெண்ணை வடக்கே ஆந்திரத்துக்குள் போய் நெல்லூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. பாலாறு கிழக்கே கோலார் வழியாக வேலூர், காஞ்சிபுரம் பக்கம் போய்க் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலைத் தொடுகிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று சுற்றிக் கடலூருக்குப் போகிறது. நாலாவது அர்க்காவதி. அது மட்டும் தெற்கே தொட்டபள்ளாபுரம், ராமநகரம், கனகபுரா என்று போய்ச் சங்கமத்தில் காவிரியில் விழுந்துவிடும். அதற்குக் கடல் பூம்புகாரில்.

வகுப்பில் இதைச் சொல்ல ஒரு பழைய கறுப்புக் குடை வைத்திருந்தேன். விரித்து மேசை மேல் கவிழ்த்து வைத்து, உச்சியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே விழுந்த தண்ணீர் அந்தப் பக்கமே ஓடும், தாண்டாது. முதல் பெஞ்சு நனையும். "நீ நெல்லூர், நீ வேலூர், நீ கடலூர்" என்று நனைந்தவர்களுக்குப் பேர் வைப்பேன். இன்றைக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு பெண் என்னைப் பார்த்தால் "டீச்சர், நான்தான் கடலூர்" என்பாள்.

ஆகவே அடுத்த தடவை மலை மேலே போகாதீர்கள். கீழே நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு மண்டபம் சேர்த்த கோயில். நாலு பக்கமும் படிக்கட்டாக இறங்கும் கல்யாணி, அதாவது கோயில் குளம், உண்டு. உட்கார்ந்த நிலையில் ஒரு கற்சிலை உண்டு, ராஜேந்திர சோழன் என்று சொல்வார்கள். காலை ஒன்பது மணிக்கு மலையிலிருந்து கார்கள் வரிசையாக இறங்கும்போது கோயில் காலியாகக் கிடக்கும். எனக்கு வசதிதான்.

திப்பு டிராப் என்கிற பாறை முனை, 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸ் படை பிடித்த கோட்டை, கப்பன் துரை பங்களா, 1986 சார்க் மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் தங்கியது எல்லாம் போர்டிலேயே எழுதியிருக்கும், நான் சொல்ல வேண்டாம். பக்கத்தில் முத்தேனஹள்ளி. விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். தண்ணீரைக் கட்டி ஆண்ட மனிதர் ஆறு தொடங்கும் இடத்தில் பிறந்தார் என்று நான் வகுப்பில் வசனம் பேசியதுண்டு. அந்த வயசில் அப்படித்தான்.

*நான் ஆம்பூர்க்காரன். எங்கள் ஊர்ப் பாலாற்றில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தேன். பாலாறு கர்நாடகத்தில்தான் பிறக்கிறது என்றால் அந்தத் தண்ணீரை இங்கே யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?*
— தோல் பொருள் வியாபாரி, சிவாஜி நகர்

கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது ஐயா. கோபப்படுகிற நியாயம் உண்டு, ஆனால் ஆள் நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை.

பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். இந்த 93 கிலோமீட்டரில் நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய அணை ஒன்றும் கிடையாது. இருப்பது ஏரி. ஒன்று நிரம்பினால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று சங்கிலியாகப் போகும் ஏரிகள். கோலார் மாவட்டத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறே கிடையாது. அதனால் ஆயிரம் வருஷமாக அந்த ஜனங்கள் மழையை ஏரி கட்டித்தான் பிடித்தார்கள். பேத்தமங்கலத்து ஏரி அதில் பெரியது. ஊரின் பழைய பேர் விஜயாதித்தமங்கலம். பத்தாம் நூற்றாண்டில் கரை உடைந்து, நுளம்ப அரசர் ஒருவர் திரும்பக் கட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அதே ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தங்க வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். தங்க வயலில் வளர்ந்த நான் குழந்தையில் குடித்தது பாலாற்றுத் தண்ணீர்தான் ஐயா. உங்களுக்கு முன்னால் குடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்த ஏரிகளைப் பற்றிய சண்டையும் புதுசு இல்லை. 1892இலேயே மதராஸ் அரசும் மைசூர் அரசும் ஒப்பந்தம் போட்டன. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்காமல் புதிதாகக் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். பாலாறும் அதில் உண்டு. 2016இல் ஆந்திரம் குப்பம் பக்கத்தில் தடுப்பணை உயரத்தைக் கூட்டியபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆனால் ஆறு வறண்டதற்கு அணை மட்டுமா காரணம்? கோலார்ப் பக்கம் போர்வெல் ஆயிரம் அடி தாண்டிப் போய்விட்டது. வரத்துக் கால்வாயில் வீடு, ஏரிக்கரை வரை தைல மரம். மேலே மண் குடிக்கிற தண்ணீர் கீழே எப்படி வரும்? உங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. மணலை லாரி லாரியாக அள்ளினோம். தோல் பதனிடும் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பை உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

2021 நவம்பரில் அதே ஆறு கரை புரண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம் பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்ததைப் பார்க்க நானே பஸ் ஏறிப் போனேன். மதகுப் பக்கம் ஒரு பாட்டி தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். "இது எங்கே போகும் தெரியுமா?" என்று கன்னடத்தில் கேட்டேன். "கீழே, தமிழர் ஊருக்கு" என்றாள். சொன்ன விதத்தில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை.

*முல்பாகல் என்றால் என்ன அர்த்தம்? அந்த ஊர் தோசை இங்கே எல்லா ஓட்டலிலும் விற்கிறதே?*
— இல்லத்தரசி, ராமமூர்த்தி நகர்

மூடல பாகிலு. மூடல என்றால் கன்னடத்தில் கிழக்கு, பாகிலு நம்ம வாயில்தான். கிழக்கு வாசல். மைசூர் சீமைக்குக் கிழக்கே இருந்து ஏறுகிறவர்கள் நுழைகிற வழி. தோசை விஷயத்தில் நான் நடுநிலை வகிக்கிறேன். ஊரிலேயே சாப்பிட்டால் நெய்யில் மிதக்கும், வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. இங்கே பேர் மட்டும்தான் முல்பாகலிலிருந்து வருகிறது.

*டீச்சர், மூன்று மாதம் முன்னால் ஹைதர் அலி தேவனஹள்ளியில் பிறந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் சார் அது தப்பு என்கிறார்.*
— மாணவி, கே.ஆர். புரம்

உங்கள் சார் சரி, நான் தப்பு. தேவனஹள்ளியில் 1750இல் பிறந்தவர் மகன் திப்பு. தகப்பன் ஹைதர் பிறந்தது பங்காருப்பேட்டைக்குப் பக்கத்தில் பூதிக்கோட்டை. ஹைதருடைய அப்பா ஃபத்தே முகமது அடக்கமானது கோலாரில். அப்பா, மகன், பேரன் மூவரையும் இந்தக் கிழக்குச் சீமையே கொடுத்தது என்று பெருமையாக எழுத உட்கார்ந்து, இரண்டு ஊரை மாற்றிப் போட்டுவிட்டேன். உங்கள் சாருக்கு என் வணக்கம். உனக்கு இரண்டு மார்க் கூடுதல்.

*கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்று என் மாமனார் சொல்கிறார். கோலாரில் எதற்குத் தமிழ்?*
— வங்கி ஊழியர், பனஸ்வாடி

உங்கள் மாமனாரைக் கோலாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விக்குப் பதில் அவரே காட்டுவார். கங்க அரசர்களுக்குக் கோலார் பழைய தலைநகர். தலைநகர் காவிரிக்கரைத் தலைக்காட்டுக்குப் போன பிறகும் அவர்கள் பட்டப் பேரில் "குவளாலபுரத்துக்குத் தலைவன்" என்று இந்த ஊரை விடவில்லை. ராஜராஜன் காலத்தில் சோழர் வந்தார்கள். கோலார் பக்கத்துக்கு அவர்கள் வைத்த பேர் நிகரிலிச் சோழ மண்டலம். குவளாலத்துப் பிடாரியார் கோயிலில் செங்கல்லாக இருந்ததைக் கல்லால் கட்டச் சொன்னது ராஜேந்திர சோழன். அந்தப் பிடாரியார்தான் இன்றைய கோலாரம்மா. சுவரைச் சுற்றித் தமிழ் எழுத்து ஓடுகிறது. ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் 1116 வாக்கில் சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பிடிக்கும்வரை, நூறு வருஷத்துக்கு மேல் இங்கே அரசாங்கக் காகிதம், அதாவது அரசாங்கக் கல், தமிழில் இருந்தது. அதற்குப் பிறகும் தமிழில் வெட்டுகிற பழக்கம் உடனே நின்றுவிடவில்லை.

இந்தக் கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து 1905இல் கோலாருக்குத் தனித் தொகுதியே போட்டவர் லூயிஸ் ரைஸ். அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தமிழ். இதை வைத்துக்கொண்டு "இது எங்க ஊர்" என்று யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். அதே ஊரில் கன்னடக் கல்வெட்டும் உண்டு. அதே காலத்தில் வெட்டியதும் உண்டு. இரண்டையும் ஒரே தச்சன் செதுக்கினான் என்றால்கூட எனக்கு ஆச்சரியம் இல்லை.

கோலார் வரை போக நேரமில்லையா? தோம்லூர் சொக்கநாதர் கோயில் போதும். ஃப்ளைஓவரிலிருந்து நடக்கிற தூரம். அங்கே எலஹங்கா "இலைப்பாக்க நாடு" என்று தமிழில் இருக்கிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டில் பெங்களூர் "வெங்காலூர்". சில்க் போர்டு ஜங்ஷனில் இரண்டு சிக்னல் தாண்டி நிற்கிறபோது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அதற்கு உங்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கும்.

கோலாரம்மா கோயிலில் இன்னொன்று. உள்ளே தேள் அம்மனுக்கு ஒரு சன்னதி, சேளம்மா. சேளு என்றால் தேள். தரையில் கல்லைக் குடைந்த உண்டியல். தேள் கடிக்காமல் இருக்கக் காசு போடுவார்கள். நானும் போட்டேன். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவளுக்குத் தேள் நம்பிக்கை விஷயம் இல்லை, அனுபவம்.

*தங்க வயலுக்குப் பெங்களூருக்கு முன்பே கரண்ட் வந்ததாமே. கதையா, நிஜமா?*
— எலக்ட்ரீஷியன், லிங்கராஜபுரம்

நிஜம். காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902 ஜூன் 30 அன்று தங்க வயலுக்குப் போனது. 92 மைல் கம்பி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5. மூன்று வருஷம் இந்த நகரத்து மக்கள் எண்ணெய் விளக்கில் உட்கார்ந்திருக்க, கரண்ட் பக்கத்திலேயே கம்பியில் ஓடிச் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. திட்டத்தைத் தலையில் தூக்கி நடத்திய திவான் சேஷாத்ரி ஐயர் 1901இலேயே காலமாகிவிட்டார், விளக்கைப் பார்க்கவில்லை. எதற்கு அவசரம் என்றால் சுரங்கத்துக்குத்தான். ஆழத்திலிருந்து தண்ணீரை இறைக்கணும், காற்றை ஊதணும், கூண்டை இழுக்கணும். நிலக்கரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

*என் தாத்தா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். கடைசிவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உள்ளே என்னதான் இருந்தது?*
— செவிலியர், காக்ஸ் டவுன்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. எங்கள் அப்பாவும் பேச மாட்டார். சாம்பியன் ரீஃபில் டிம்பரிங் வேலை. பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்கிறவர். நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று சுருக்கமாக. 1802இல் எல்லை அளக்க வந்த வாரன் என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட், உரிகம் பக்கத்தில் ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். எழுபது வருஷம் கழித்து அதைப் படித்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், பெங்களூர்க் கண்டோன்மெண்டில் ஓய்வாக இருந்தவர், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்த் தோண்டினார். 1875இல் உரிமம். காசு போதவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அப்புறம்தான் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பஞ்சத்துக்குத் தப்பியவர்கள், பண்ணையாருக்குத் தப்பியவர்கள். சுரங்கத்தில் சாவு நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் வந்தார்கள் என்று என் ஆத்தாவிடம் கேட்டேன். "அங்கே மேல்துண்டு போட்டுக்கலாம்" என்றாள். சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாச பண்டிதரின் எழுத்துகள் சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலையில் அச்சானது சும்மா இல்லை. பகலில் பாறை உடைத்தவர்கள் ராத்திரி அதைப் படித்தார்கள்.

சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கூண்டில் இறங்கினால் ஒரே இறக்கத்தில் அடிக்குப் போக முடியாது. ஒரு ஷாஃப்டில், அதாவது செங்குத்தான குழியில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொன்றில் இறங்கணும். அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். குளிர்காற்றைக் கீழே தள்ளித்தான் ஆள் நின்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் பேச மாட்டார், முதலில் ஒரு சொம்பு உப்புப் போட்ட மோர். வெளியே வரும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள், தங்கம் ஒளித்து வைத்திருக்கிறானா என்று. வாழ்நாள் முழுக்கத் தினம் அப்படித் தடவ நின்ற மனிதர் வீட்டில் அதைப் பற்றி என்ன பேசுவார் சொல்லுங்கள்.

ஏர் பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. பாறையைக் குடையக் குடைய, மேலே இருக்கும் பாரம் தாங்காமல் அடியில் திடீரென்று வெடிக்கும். மேலே எங்களுக்கு வீடு ஆடும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடு ஒன்று கிலுகிலு என்று முட்டும். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவு நிலையில் வந்து நிற்பாள். எதுவும் சொல்ல மாட்டாள். லைன் முழுக்க எல்லாக் கதவிலும் ஒரு பெண் நிற்பாள். சங்கு ஊதவில்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். ஊதினால் ஷாஃப்ட் பக்கம் ஓட்டம். எவர்சில்வர் தட்டு முட்டுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை நின்றுவிடும். அல்சூரில் மேல் வீட்டுக்காரர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று தெரிந்தாலும்.

தப்பித்தவர்களைச் சுவாசப்பை எடுத்துக்கொண்டது. பாறைத்தூள். அப்பாவை அதுதான் எடுத்தது. செவிலியருக்கு நான் சிலிகோசிஸ் விளக்க வேண்டாம்.

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். 1965இல் அந்தச் சாம்பியன் ரீஃபில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களும் கருவி வைத்து, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை முதல்முதலில் பிடித்தவர்களில் ஒருவரானார்கள். அவ்வளவு பாறை மேலே மூடியிருந்தால்தான் மற்றக் கதிரெல்லாம் வடிகட்டப்பட்டு அது தனியாகத் தெரியும். அந்தக் குழியைத் தோண்டியவர்கள் யார்? சுரங்கத்தை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, அப்புறம் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ், 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். நூற்றி இருபது வருஷத்தில் சுமார் எண்ணூறு டன் தங்கம் மேலே வந்தது. எங்கள் வீட்டில் அம்மா மூக்குத்தி பித்தளை.

*சினிமாவில் காட்டியது போலத்தான் தங்க வயல் இருந்ததா?*
— கல்லூரி மாணவர், ஜீவன்ஹள்ளி

அவ்வளவு மியூசிக் இல்லை.

*சயனைடு மேட்டிலிருந்து திரும்பத் தங்கம் எடுக்கப் போகிறார்கள் என்கிறார்களே?*
— ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, ராபர்ட்சன்பேட்டை

ஐயா, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும். அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் மலையாகக் கிடக்கிறது. அதிலே கொஞ்சம் தங்கம் மிச்சம் இருப்பது உண்மை. ஏலம், டெண்டர் என்று மூடிய வருஷத்திலிருந்து செய்தி வருகிறது. குழந்தையில் நாங்கள் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்குவோம். பங்குனிக் காற்றில் அந்த வெள்ளைத் தூள் வந்து காயப்போட்ட வடகத்தில் படியும். எடுத்தால் முதலில் உங்கள் காலனிக்குக் குடிதண்ணீர் ஒழுங்காக வரட்டும், அப்புறம் தங்கம் என்பது என் கட்சி.

*பெல்லந்தூர் ஏரி நுரை எங்கள் பால்கனி வரை பறந்த காலம் உண்டு. அந்தக் கழிவு நீரைக் கோலாருக்கு அனுப்புகிறார்கள் என்கிறார்கள். இது நியாயமா?*
— அடுக்குமாடிவாசி, பெல்லந்தூர்

மறுபடி என் குடையை விரிக்கிறேன். பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்குச் சரிவில் நீங்கள் ஊற்றுகிற பக்கெட் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி என்று காவிரிக்குப் போகும். உங்கள் பக்கத்துச் சரிவில் ஊற்றினால் பெல்லந்தூர், வர்த்தூர், தென்பெண்ணை என்று ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும். அணையில் நுரை மிதக்கிறது என்று ஓசூர்க்காரர்கள் போராடினார்களே, அதில் நம் எல்லார் வீட்டு சலவைத்தூளும் உண்டு. எனக்கும் பங்கு உண்டு.

காவிரியை நாம் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஐந்நூறு மீட்டர் மேலே ஏற்றிக் கொண்டுவந்து குடிக்கிறோம். குடித்த பிறகு பாதி தென்பெண்ணைக்குப் போகிறது. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்பது, அந்தக் கழிவை இரண்டு கட்டம் சுத்தம் செய்து, பம்ப் வைத்துக் கோலார் ஏரிகளை நிரப்புவது. 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்கு முதல் தண்ணீர் விட்டார்கள். ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரி என்பது திட்டம். வந்த சில வாரத்திலேயே அங்கும் நுரை. நீதிமன்றம் வரை போனது.

நியாயமா என்றால், கோலார் விவசாயிகளிடம் நான் கேட்டதில் இரண்டு பதில் கிடைத்தது. ஒரு தக்காளித் தோட்டக்காரர், "இருபது வருஷம் காய்ந்த கிணறு நாலு மாதத்தில் ஊறியது, நன்றி" என்றார். அடுத்த ஏரிக்காரர், "நீங்க கழுவின தண்ணியில் எங்க மாடு குடிக்கணுமா? மூணாவது கட்டமும் சுத்தம் பண்ணி அனுப்புங்க" என்றார். இரண்டாமவர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நன்றி சொன்னவரும் மூன்றாம் கட்டச் சுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் தினம் தின்கிற தக்காளி அந்தத் தண்ணீரில் விளைகிறது என்பதையாவது பால்கனியில் நின்று யோசிக்கலாம்.

*ஒரே நாளில் இதெல்லாம் பார்த்துவிட முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?*
— ஆட்டோ ஓட்டுநர், அல்சூர்

முடியாது. நந்தி வடக்கே, தங்க வயல் கிழக்கே. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திணித்தால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். புது எக்ஸ்பிரஸ்வேயில் போனால் அதுவும் தெரியாது, இரண்டு பக்கமும் சுவர். பழைய மதராஸ் ரோடில் ஹொஸ்கோட்டை, கோலார். கோலாரம்மாவைப் பார்த்து, அந்தரகங்கையில் நந்தி வாயிலிருந்து விழுகிற தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். குரங்கு ஜாஸ்தி, கையில் வாழைப்பழம் வேண்டாம். அதற்கடுத்த வாரம் ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் மாரிக்குப்பம் வாருங்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் வண்டி மெல்லப் போகும். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பேரைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு சுரங்கத்தின் பேர். இடது பக்க ஜன்னலா, வலது பக்கமா என்று கேட்காதீர்கள். மேடு இரண்டு பக்கமும் தெரியும்.